எஸ்கம் சாக்சன் தேவாலயத்தைப் பார்ப்பது எப்படி: சாவி எடுப்பது முதல் சாவியைத் திரும்ப மாட்டுவது வரை

இங்கிலாந்தில் டரம் பேராலயம் பார்க்க வரும் நண்பர்களையும் உறவினர்களையும் அடுத்த நாள் நான் எஸ்கமுக்கு அழைத்துப் போவது வழக்கம். முதல் சில தடவை வந்தவர்கள் எல்லாரும் பத்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார்கள். நேராக உள்ளே போனார்கள், பெஞ்சுகளைப் பார்த்தார்கள், இரண்டு போட்டோ எடுத்தார்கள், "இவ்வளவுதானா?" என்றார்கள். நான் அவர்களைக் கூட்டிப்போன வரிசை சரியில்லை என்பது பிறகுதான் புரிந்தது. வரிசையை மாற்றினேன். அப்புறம் வந்தவர்கள் அதே சின்னக் கட்டடத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள்.

அந்த வரிசைதான் இந்த வழிகாட்டி. எஸ்கம், இங்கிலாந்தின் வடகிழக்கில் பிஷப் ஆக்லாந்து என்ற ஊரிலிருந்து சுமார் 2 மைல் தூரத்தில், வியர் என்ற ஆற்றின் கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். தேவாலயம் சுமார் 670–675இல், சாக்சன் காலத்தில் கட்டப்பட்டது; அதாவது 1066இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்து நாட்டைப் பிடிப்பதற்கு முன். அருகில் பின்செஸ்டரில் இருந்த ரோமானியக் கோட்டையின் கற்களைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். அதாவது கட்டடத்தின் வயது சுமார் 1350, கற்கள் செதுக்கப்பட்ட காலம் அதற்கும் முன்னால். இன்றும் அந்த ஊர் ஆங்கிலிக்கன் சபையார் கூடி வழிபடும் இடம் அது. பழமையான கட்டடம், உயிரோடு இருக்கிற சபை என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும். இங்கிலாந்தில் வேறு எந்தக் கிராமத்துப் பழைய தேவாலயத்துக்குப் போனாலும் பெரும்பாலும் இதே வரிசை பொருந்தும்.

1. நாளும் நேரமும் முதலில்

முதல் வேலை, அந்த வாரத்து ஆராதனை நேரத்தைப் பார்ப்பது. இங்கிலாந்துத் திருச்சபை நடத்தும் 'எ சர்ச் நியர் யூ' இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் போதும். எல்லா ஞாயிறும் காலையில் ஆராதனை இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. கிராமங்களில் ஒரே போதகர் மூன்று நான்கு தேவாலயங்களைக் கவனிப்பது சாதாரணம். அதனால் முதல் ஞாயிறு ஓர் ஊர், மூன்றாம் ஞாயிறு இன்னோர் ஊர் என்று முறை வைத்திருப்பார்கள். கல்யாணம், அடக்க ஆராதனை இருந்தாலும் சுற்றிப் பார்க்க முடியாது.

பார்க்க மட்டும் போகிறவர்கள் வார நாளில் போங்கள். ஆராதனையிலும் கலந்துகொள்ள ஆசை இருந்தால் ஞாயிறு போய், முடிந்தபின் இருந்து பாருங்கள். அதுதான் எனக்குப் பிடித்த வழி. ஆராதனை முடிந்து டீ கொடுக்கும்போது அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் தகவல்கள் எந்தப் பலகையிலும் இருக்காது.

நேரம் என்றால், வெயில் இருக்கிற நாளில் முற்பகல் சரி. தெற்குச் சுவரில் வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லில் உள்ள செதுக்கல் கண்ணில் படும். உச்சி வேளையிலும் மூடிய வானத்திலும் அதே கல் வெறும் மொழுக்கைச் சுவராகத் தெரியும். டிசம்பரில் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். இந்தப் பக்கத்தில் மாலை நான்குக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து பயனில்லை.

2. பையில் வேண்டியவை

சின்ன டார்ச் லைட் ஒன்று. போன் வெளிச்சம் அகலமாகச் சிதறும்; கல்லின் மேல் பக்கவாட்டில் ஒரு கோடுபோல விழுகிற வெளிச்சம் வேண்டுமானால் கைக்கு அடக்கமான டார்ச்தான் சரி.

பைனாக்குலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டிய சில கற்கள் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கின்றன.

கோடையானாலும் ஒரு ஸ்வெட்டர். வெளியே 25 டிகிரி இருக்கும்போதுகூட அந்தக் கல் சுவருக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தால் குளிர் முதுகில் ஏறும். குளிர் தாங்காமல்தான் பலர் சீக்கிரம் வெளியே வருகிறார்கள், பார்த்து முடித்ததால் அல்ல.

கொஞ்சம் சில்லறை, தண்ணீர், தரையைப் பிடித்து நிற்கும் செருப்போ ஷூவோ. கல்லறைத் தோட்டத்துப் புல் எப்போதும் ஈரமாக இருக்கும், கற்பாதையில் பாசி இருக்கும். கழிப்பறை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கிராமத்துத் தேவாலயங்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. ரயில் நிலையத்திலேயே போய்விட்டு வாருங்கள்.

3. போய்ச் சேருவது

ரயிலில் டார்லிங்டன் வந்து, அங்கிருந்து பிஷப் ஆக்லாந்து கிளைப்பாதை ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கடைசி நிறுத்தத்தில் இறங்கலாம். பிறகு டாக்சி, இல்லையென்றால் நடை. பேருந்தை நம்பினால் போகும் நேரத்தை மட்டும் பார்க்காமல் திரும்பும் நேரத்தையும் அன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிராமப்புறப் பேருந்து மாலையில் சீக்கிரம் நின்றுவிடும், ஞாயிறு அன்று பல தடங்களில் ஓடவே ஓடாது.

ஊருக்குள் வந்ததும் பலர் குழம்பி நிற்பார்கள். படத்தில் பார்த்தது போலப் பச்சை வயல் நடுவே தேவாலயம் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். இங்கே சுற்றிலும் 20ஆம் நூற்றாண்டில் கட்டிய சாதாரண குடியிருப்பு வீடுகள், நடுவில் வட்டமான மதிலுக்குள் தேவாலயம். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

வேறு ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பிரிட்டன் அரசு வெளியிடும் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை போட்டிருந்தால் சதுரக் கோபுரம் உள்ள தேவாலயம். கறுப்பு வட்டத்தின் மேல் சிலுவை என்றால் கூர்கோபுரம் உண்டு. வெறும் சிலுவை என்றால் இரண்டும் இல்லை. மரங்களுக்கு மேலே எதைத் தேடுவது என்று முன்பே தெரிந்துவிடும்.

4. சாவி

பகலில் திறந்தே இருந்தால் நல்லது. பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடாதீர்கள். சாவி எங்கே கிடைக்கும் என்று வாசலருகே அறிவிப்பு இருக்கும். எஸ்கமில் பக்கத்து வீடு ஒன்றின் வெளிச்சுவரில் கொக்கியில் சாவியைத் தொங்கவிடுவது நெடுநாள் வழக்கம். யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாமா என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். எடுத்துக்கொள்வதற்காகத்தான் தொங்குகிறது. அறிவிப்பில் சொல்லியிருப்பதை முழுதாகப் படியுங்கள், அதன்படியே செய்யுங்கள்.

சாவியை எடுத்ததும் உங்கள் கூட்டத்தில் ஒருவரே கடைசி வரை அதற்குப் பொறுப்பு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கை மாறினால் தொலையும். ஒரு தடவை எங்களோடு வந்த ஒருவர் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிட, பாதி வழி போய்த் திரும்பி ஓடி வந்தோம். அதற்குள் இன்னொரு குடும்பம் வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றது. அந்தக் குழந்தைகளின் நனைந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

5. உள்ளே போகாதீர்கள், முதலில் வெளியே வலம் வாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். உள்ளே இருக்கும் பெஞ்சு, மெழுகுவர்த்தித் தண்டு, பீடத்துணி எல்லாம் பிற்காலத்தவை. பழமை முழுவதும் சுவரில் இருக்கிறது. சுவரை முதலில் பார்த்தவருக்கு உள்ளே போனதும் எங்கே கண் வைக்க வேண்டும் என்று தெரியும். நேராக உள்ளே போனவர் பெஞ்சைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் பீடம் கிழக்கே இருக்கும், வாசல் பெரும்பாலும் தெற்கே இருக்கும். அதனால் தெற்கில் தொடங்கி மேற்கு, வடக்கு, கிழக்கு என்று போனால் கட்டடம் உங்கள் வலக்கைப் பக்கம் வரும். நம் கோயில்களில் வலம் வருவது போலத்தான், மறக்கவே மறக்காது.

நடக்கும் முன் மதிலோரம் நின்று நிலத்தைப் பாருங்கள். மதில் வட்டமாகப் போகிறது. வட்டமான கல்லறைத் தோட்டம், அந்த இடம் மிகப் பழையது என்பதற்கான அடையாளங்களில் ஒன்று. பல ஊர்களில் தேவாலயத்தைச் சுற்றிய நிலம் மேடாக உப்பியிருப்பதையும் காண்பீர்கள். நூற்றாண்டு நூற்றாண்டாக அதே மண்ணில் ஊராரை அடக்கம் செய்து வந்ததால் மண் உயர்ந்திருக்கிறது.

தெற்குச் சுவர். முன்மண்டபத்துக்கு மேலே உயரத்தில், சாக்சன் காலத்துச் சூரியக் கடிகாரம் இருக்கிறது. இங்கேதான் பைனாக்குலர் வேண்டும். அரைவட்டமான கல், அதில் மூன்றே மூன்று கோடுகள், சுற்றிலும் ஒரு பாம்பு வளைந்து கிடக்கும். பன்னிரண்டு மணிக் கோடுகளைத் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். அன்றைய நாளை அவர்கள் மணிகளாக வெட்டவில்லை, ஜெப வேளைகளாகத்தான் பிரித்தார்கள். முன்மண்டபத்தில் இன்னொரு சூரியக் கடிகாரம் இருக்கிறது, அது பல நூற்றாண்டுகள் பிந்தியது. வருகிறவர்களில் பாதிப்பேர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு பழையதைப் பார்த்துவிட்டதாக நினைத்துப் போகிறார்கள். உயரே இருப்பதுதான் பழையது.

சன்னல்களைப் பாருங்கள். சுவரின் மேற்பகுதியில் மிகச் சிறியதாக, வளைந்த தலையோடு இருப்பவை சாக்சன் சன்னல்கள். வளைவைத் தனித்தனிக் கல்லாக அடுக்கவில்லை, ஒரே கல்லில் குடைந்திருக்கிறார்கள். கூரிய முனையோடு நீளமாக இருப்பவை அதற்குப் பின் வந்த காலத்தவை. இங்கிலாந்தில் பொதுவாக, அரைவட்ட வளைவு என்றால் சாக்சன் அல்லது நார்மன், கூர்முனை வளைவு என்றால் சுமார் 1200க்குப் பின் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. 19ஆம் நூற்றாண்டில் பழையதைப் போலவே கட்டியவையும் உண்டு. அவற்றின் கல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக இருக்கும்.

மூலைக்கு வாருங்கள். சுவரின் மற்ற கற்களோடு ஒப்பிட்டால் மூலைக்கற்கள் எவ்வளவு பெரியவை என்று பாருங்கள். ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு நீளமான கற்கள். செதுக்கி முடித்த கல் பக்கத்துக் கோட்டையில் சும்மா கிடந்ததால்தான் இந்தச் சிற்றூருக்கு இப்படிப்பட்ட மூலை கிடைத்தது. இங்கே ஐந்து நிமிஷமாவது நில்லுங்கள். சில கற்களின் முகத்தில் வைர வடிவில் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்திய கோடுகள் இருக்கும். அவை ரோமானியக் கல்தச்சரின் உளிக்கோடுகள். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அடுத்தடுத்து கண்ணில் பட ஆரம்பிக்கும். என்னோடு வந்த பத்து வயதுப் பையன் இருபதுக்கு மேல் எண்ணினான், பெரியவர்கள் நாலைக்கூடத் தாண்டவில்லை.

மேற்குச் சுவரில் ஒரு சாய்வான தழும்பு தெரியும். ஒரு காலத்தில் அங்கே ஒட்டியிருந்த அறையின் கூரைக் கோடு அது. அறை போய்விட்டது, கோடு நிற்கிறது. பழைய சுவரில் காரணமில்லாத கோடு கிடையாது. அடைத்த வாசல், வெட்டிய கூரைக் கோடு, நிறம் மாறுகிற கல்வரிசை எதைக் கண்டாலும் இங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டே நடங்கள்.

வடக்குப் பக்கம் நிழல், ஈரம், பாசி. பலர் இங்கே வருவதே இல்லை. எஸ்கமில் இதுதான் மிக முக்கியமான பக்கம். சன்னல்களின் தலை இங்கே வளைவாக இல்லாமல் தட்டையாக இருக்கும். சுவரில் தலைகீழாக எழுத்துகள் கொண்ட ஒரு கல் இருக்கிறது. லத்தீன் எழுத்தில் 'லெக்', பிறகு ரோமன் எண் ஆறு: ரோமானியப் படையின் ஆறாம் லீஜியன், அதாவது ஆறாம் படைப்பிரிவு. யார்க்கில் முகாமிட்டிருந்த படை அது. கல்லை வைத்த சாக்சன் கொத்தனாருக்கு எழுத்து தேவைப்படவில்லை, தட்டையான முகம்தான் தேவைப்பட்டது. நிமிர்ந்த எழுத்தாகத் தேடினால் கிடைக்காது. போனில் படம் எடுத்துப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.

இந்த வெளிச்சுற்றுக்கு எஸ்கமில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஹெரிஃபோர்ட்ஷையரில் கில்பெக் என்ற ஊருக்குப் போனால் ஒரு மணி நேரம் வேண்டும். சுமார் 1140இல் கட்டிய அந்தத் தேவாலயத்தின் கூரை விளிம்புக்குக் கீழே நாயும் முயலும் விநோத முகங்களுமாக 80க்கு மேற்பட்ட சிற்பங்கள் வரிசையாகச் சுற்றி வருகின்றன. எசெக்ஸில் கிரீன்ஸ்டெட் தேவாலயம் என்றால் வெளிச்சுவரே காட்சிதான். பிளந்த ஓக் மரங்களை நிறுத்திக் கட்டிய 11ஆம் நூற்றாண்டுச் சுவர் அங்கே இருக்கிறது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: கல்லறைத் தோட்டங்களில் கரும்பச்சையாக, பருத்த அடிமரத்தோடு நிற்கும் யூ மரம் விஷம். சிவப்புப் பழத்துக்குள் இருக்கும் விதை உயிருக்கே ஆபத்து. பறித்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. கதவு

வருகிறவர்கள் திரும்பிப் போவது அதிகம் இந்த இடத்தில்தான். கனமான பழைய கதவைத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்றதும் பூட்டியிருக்கிறது என்று போய்விடுவார்கள். கிராமத்துத் தேவாலயங்கள் பலவற்றில் கதவில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். அது பிடித்து இழுப்பதற்கு மட்டும் அல்ல. வளையத்தை வலப்புறம் அழுத்தித் திருப்புங்கள், அசையாவிட்டால் இடப்புறம். உள்ளே தாழ்ப்பாள் தூக்கிக்கொள்ளும் சத்தம் 'டக்' என்று கேட்கும். அந்த நேரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளுங்கள். ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் மாதங்களில் கொஞ்சம் பலம் வேண்டும்.

முன்மண்டபத்தில் கம்பிவலைக் கதவு இருந்தால் உள்ளே நுழைந்ததும் அதைச் சாத்துங்கள். குருவிகள் உள்ளே பறந்துவிட்டால் வெளியே வழி தெரியாது. உள்ளே தண்ணீர் கிடையாது, சன்னலில் மோதி மோதிச் செத்துப்போகும்.

காலடியைப் பார்த்து வையுங்கள். பல தேவாலயங்களில் வாசலைத் தாண்டியதும் ஒன்றிரண்டு படி கீழே இறங்கும். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குப் படி தெரியாது.

நம் ஆட்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: செருப்பைக் கழற்ற வேண்டுமா? வேண்டாம். யாரும் கழற்றுவதில்லை. சேறு அப்பிய பூட்ஸ் என்றால் மட்டும் முன்மண்டபத்தில் விட்டுவிட்டுச் சாக்ஸோடு நடங்கள். கூட்டித் துடைப்பது சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். பெண்கள் முக்காடு போட வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரியாதை.

7. உள்ளே: முதலில் நில்லுங்கள், பிறகு நடங்கள்

உள்ளே வந்ததும் நேரே பீடத்தை நோக்கிப் போகாமல் மேற்குக் கடைசிக்குப் போய்ச் சுவருக்கு முதுகு கொடுத்து நில்லுங்கள். ஐந்து நிமிஷம் எதையும் தேட வேண்டாம், கண் இருட்டுக்குப் பழகட்டும். அதோடு இந்தக் கூடத்தின் அளவு அங்கிருந்துதான் பிடிபடும். அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம், அகலத்துக்குப் பொருந்தாத உயரம். பெட்டியை ஒருக்களித்து நிறுத்தியது போன்ற இந்த ஒடுக்கமான உயரம் வடக்குப் பகுதிச் சாக்சன் கட்டடங்களின் அடையாளம். பின்னால் வந்த நார்மன்கள் தடித்த சுவரும் பருத்த தூணுமாகக் கட்டினார்கள். டரம் பேராலயம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும்.

அங்கிருந்தே சன்னல்களைப் பாருங்கள். வெளியே கையகலமாகத் தெரிந்த அதே சன்னல் உள்பக்கம் விரிந்து வருகிறது. குளிரும் மழையும் உள்ளே வரும் ஓட்டை சிறிதாக இருக்க வேண்டும், ஆனால் வெளிச்சம் மட்டும் பரவ வேண்டும் என்பதற்காகச் சுவரைச் சாய்வாகக் குடைந்திருக்கிறார்கள். வெளியே பார்க்காமல் வந்திருந்தால் இது புரியாது.

இனி மெல்லக் கிழக்கே நடங்கள். கூடத்துக்கும் பீட அறைக்கும் நடுவில் உள்ள வளைவுதான் எஸ்கமின் இதயம். உயரமானது, ஒடுக்கமானது. ரோமானியக் கட்டடம் ஒன்றிலிருந்து கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி கோத்த வளைவு என்று கருதுகிறார்கள். வளைவைத் தாங்கும் பக்கக் கற்களைப் பாருங்கள்: ஒரு கல் நெடுக்காக நிற்கும், அதன் மேல் ஒரு கல் படுத்திருக்கும், மறுபடி நெடுக்கு, மறுபடி படுக்கை. படுத்த கல் சுவருக்குள் ஊடுருவிப் போய் நிற்கும் கல்லைக் கவ்விப் பிடிக்கிறது. இந்த முறைக்குக் கட்டடக்கலை வல்லுநர்கள் இந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இப்போது டார்ச்சை எடுங்கள். கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு உளிக்கொத்தும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். வளைவின் அடிப்பக்கத்தில் வண்ணம் பூசிய சாந்து கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் வெளிச்சத்தை நெடுநேரம் வைக்காதீர்கள், பிளாஷ் போடவே போடாதீர்கள். இந்தச் சுவர்கள் முழுவதும் ஒரு காலத்தில் சாந்து பூசி இருந்தன என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி அது.

பீடத்தைச் சுற்றிக் கம்பியோ மரத்தடுப்போ இருந்தால் அதற்கு வெளியே நில்லுங்கள். திருவிருந்து (ஆராதனையில் பகிரும் அப்பமும் திராட்சை ரசமும்) கொடுக்கும் இடம் அது, சபையாருக்குப் புனிதமானது.

இதெல்லாம் முடிந்தபின்தான் வாசலருகே இருக்கும் துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் படிக்க வேண்டும். முதலிலேயே படித்தால் கண் காகிதத்தில் உள்ளதை மட்டும் சரிபார்க்கும். பார்த்தபின் படித்தால் தவறவிட்டது எது என்று தெரியும். அதற்காக இன்னொரு சுற்று போவீர்கள்.

8. தொடாமல் இருக்க வேண்டியவை

மணற்கல் விரல் பட்டாலே உதிரும். மேலே எழுத்து மங்கியிருக்கிறது என்று கல்லறைக் கற்களில் சாக்பீஸ் தேய்ப்பதும், அவற்றில் வளரும் மரப்பாசியைச் சுரண்டுவதும் வேண்டாம். அந்தப் பாசி வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும்.

பெஞ்சுகளில் பூவேலை செய்த சின்ன மெத்தைகள் இருக்கும். முழங்கால் போட்டு ஜெபிக்க ஊர்ப் பெண்கள் கையால் தைத்தவை. உட்காரவும் காலை வைக்கவும் அவை இல்லை. எடுத்துப் பார்த்தால் அதே கொக்கியில் மாட்டுங்கள்.

கோபுரம் உள்ள தேவாலயங்களில் மணிக்கயிறு தொங்கினால் எந்தக் காரணத்துக்கும் இழுக்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். இங்கிலாந்தில் பெரிய மணியை வாய் மேலாகத் திருப்பி நிறுத்தி வைப்பதுண்டு. அந்த நிலையில் கயிற்றை இழுத்தால் நூற்றுக்கணக்கான கிலோ எடை புரண்டு, கயிறு பிடித்தவரையே மேலே தூக்கிவிடும்.

பெஞ்சு மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தால் அங்கே வௌவால் குடியிருக்கிறது என்று அர்த்தம். வௌவாலையும் அதன் இருப்பிடத்தையும் தொந்தரவு செய்வது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம்.

9. ஆராதனைக்கு இருந்தால்

வாசலில் ஒருவர் புத்தகமோ தாளோ கொடுப்பார். வாங்கிக்கொண்டு நடுப்பகுதியில் உட்காருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று பார்த்துச் செய்ய முன்னால் ஆள் இருக்காது. நம் ஊர்ச் சி.எஸ்.ஐ. ஆராதனைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு முறை பெரும்பாலும் தெரிந்ததாகவே இருக்கும்.

திருவிருந்து நேரத்தில்தான் மற்றவர்களுக்குத் தயக்கம் வரும். வேறு திருச்சபையைச் சேர்ந்தவர்கள் தங்கள் சபையில் திருவிருந்து எடுப்பவர்களாக இருந்தால் இங்கும் எடுக்கலாம். எடுக்காதவர்கள் வரிசையில் போய்க் கைகளை மார்பில் குறுக்காக வைத்தால் போதகர் ஆசி மட்டும் கூறுவார். கிறிஸ்தவர் அல்லாதவர்கள் இருந்த இடத்திலேயே அமைதியாக இருக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மரியாதைக்காக அப்பத்தைக் கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது மட்டும் கூடாது. தெரியாமல் சிலர் அப்படிச் செய்கிறார்கள், சபையாருக்கு அது மிகவும் வருத்தம் தரும்.

10. காணிக்கையும் பதிவேடும்

நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் செலவும் கிடையாது என்று அர்த்தமில்லை. கூரை ஒழுகினால் அடைப்பது அந்தச் சின்னச் சபையின் பொறுப்பு. ஒரு காபிக்கும் கேக்குக்கும் கொடுக்கும் தொகையையாவது பெட்டியில் போடுங்கள். பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவராக இருந்தால் அங்கே இருக்கும் 'கிஃப்ட் எய்ட்' கவரில் பெயரும் முகவரியும் எழுதிப் போடுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து சபைக்குச் சேரும். இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் அந்தக் கவரில் எழுத வேண்டாம்.

வருகைப் பதிவேட்டில் தமிழிலும் எழுதுங்கள். எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார்கள் என்று காட்டினால், பழுதுபார்க்க நிதி கேட்கும்போது சபைக்கு உதவும்.

11. கிளம்பும்போது

விளக்கை நீங்கள் போட்டிருந்தால் அணையுங்கள். ஏற்கெனவே எரிந்ததைத் தொடாதீர்கள். உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பீட அறை வரை ஒரு தடவை குரல் கொடுத்துப் பாருங்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து ஜெபம் செய்கிறவர் கண்ணில் படாமல் போகலாம்.

சாவி எடுத்தவரே பூட்டட்டும். பூட்டியபின் வளையத்தைத் திருப்பித் தள்ளிப் பாருங்கள், பழைய பூட்டில் சாவி சுற்றினாலும் நாக்கு முழுக்கப் போய்ச் சேராமல் இருப்பதுண்டு. மதில் கதவையும் சாத்திவிட்டு, நேராகப் போய்ச் சாவியை அதே கொக்கியில் மாட்டுங்கள். மாட்டியபின்தான் பேருந்து நேரத்தைப் பார்க்க வேண்டும்.